அச்சு முறுக்கு அச்சைப் பரணிலிருந்து இறக்குங்கள்

அணுசக்தி நகரில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது 'வாஃபிள்' கேட்கிறார்கள். அச்சில் மொறுமொறுவென்று வரும் பண்டம் நமக்குப் புதிதா என்ன? ஊரிலிருந்து கொண்டு வந்த அச்சு பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது! ஸ்வீடன், நார்வே நாட்டவர்கூட இதே போன்ற அச்சில் 'ரோசெட்' சுடுகிறார்கள்.

பச்சரிசி மாவு, கொஞ்சம் மைதா, தேங்காய்ப்பால், சர்க்கரை. தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைக்க வேண்டும். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். முக்கால் பாகம்தான் மாவில் தோய வேண்டும். முழுக்க மூழ்கினால் முறுக்கு கழலாது. சர்க்கரை கூடினால் கருகும். ஆறுமுன் டப்பாவில் அடைத்தால் நமுத்துவிடும். பம்பாய் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

"நேரம் ஏது?" என்று வேலைக்குப் போகும் பெண்கள் கேட்பது நியாயமே. ஞாயிறன்று அச்சைப் பிடிக்க ஆண்கள் வரட்டும். நான் பிடித்ததில் முதல் நாலும் பிய்ந்தன. ஐந்தாவது பூவாக விழுந்தது.