டெனிஷின் நீளமான சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டாம்

டெனிஷ் மொழி என்றாலே முதலில் பகிடிக்கு எடுப்பது அதன் நீளமான சொற்களைத்தான். 51 எழுத்தில் ஒன்று இருக்கிறது. விசேட வைத்தியர்களின் சேவைத் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்ற மாதிரி ஒரு கருத்து. அதை விடுவோம், கடைத்தெருவில் யாரும் அதைக் கதைக்கப் போவதில்லை.

வாழ்க்கைக்குத் தேவையான ஒன்றைப் பார்ப்போம். "ஒப்ஹோல்ஸ்தில்லாதெல்செ", அதாவது வதிவிட அனுமதி. அங்கே போய்ச் சேரும் நம்மவர்கள் இதை ஒப்-ஹோல்-ஸ்தில்-லா என்று கூட்டி வாசித்துக் களைத்துப்போகிறார்கள். வாசிப்புப் படிப்பிக்கிற நாங்கள் சொல்வது, அசையைத் தேடாதீர்கள், மூட்டைத் தேடுங்கள். "ஒப்ஹோல்" தங்குதல். "தில்லாதெல்செ" அனுமதி. நடுவில் உள்ள "ஸ்" வெறும் ஒட்டு. வரி முடிவில் சொல்லை உடைத்தாலும் அந்த "ஸ்" முதற் பகுதியோடுதான் நிற்கும், அடுத்த வரிக்குப் போகாது.

அடுத்தது அழுத்தம். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் கருத்து மாறாது. அதனால் நாம் எல்லா அசையையும் ஒரே மாதிரிச் சொல்லிப் பழகியவர்கள். டெனிஷில் கூட்டுச் சொல்லின் முதற் பகுதிதான் பலமாக ஒலிக்கும், பின்னால் வருவது தணியும். "லம்மெலோர்" என்று சேர்த்து, முன்னால் அழுத்திச் சொன்னால் ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சி. பிரித்து, இரண்டையும் அழுத்தினால் முடங்கிப்போன தொடைகள்! இறைச்சிக் கடையில் இதை மாற்றிச் சொல்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முதற் பகுதி என்றால் முதல் அசை என்று எடுக்கவும் கூடாது. "ஃபமீலியெஸம்மென்ஃபோரிங்" என்பதில் குடும்பம், ஒன்றாக, கொண்டுவருதல் என மூன்று துண்டுகள். அழுத்தம் விழுவது "மீ"யில், ஏனென்றால் "ஃபமீலியெ" தனியே நின்றாலும் அங்கேதான் விழும். குடும்ப ஒன்றிணைவு என்ற இந்தச் சொல் இலங்கையருக்குப் புதிதல்ல. 1987இல் தமிழ் அகதிகளின் இந்த விண்ணப்பங்களை அந்நாட்டு நீதியமைச்சர் இழுத்தடிக்க வைத்தார். அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் ஷ்லூட்டர் அரசாங்கமே பதவி விலகியது.

ஒரு குடும்பத்தின் காத்திருப்பே தொங்கி நிற்கும் சொல்லை, பட்டியலில் ஒன்றாகப் பாடமாக்கச் சொல்வது சரியில்லை. முதல் வாரமே மூட்டையும் அழுத்தத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொற்பட்டியல் பிறகு வரட்டும்.

டென்மார்க்கில் சொந்தக்காரர் இருந்தால், அடுத்த கோலில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். "மீ" எப்படிக் கேட்கிறது என்று கொமென்ட்டில் எழுதுங்கள்.