பிரயாணம் ஒன்று, டிக்கெட் இரண்டா?

வெளிநாட்டில் வேலை கிடைத்த மகனை வழியனுப்ப வேண்டும். வீடு அத்திப்பட்டில். விமான நிலையம் மீனம்பாக்கத்தில். ஒன்று சென்னைக்கு வடக்கே, மற்றொன்று தெற்கே. நடுவே பட்டணம் முழுவதும் கிடக்கிறது.

வாடகைக் கார் பிடித்தால் மடி காலி. பஸ்ஸில் போனால் நெரிசல். என்ன செய்வது?

ரெயில் இருக்கிறது!

அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரெயில் நிற்கிறது. சென்னைக்கு வரும் வண்டியில் ஏறி, எண்ணூரைத் தாண்டி, விம்கோ நகரில் இறங்கலாம். பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். அங்கே விமான நிலையம் போகும் வண்டியில் உட்கார்ந்தால் போதும். வழியில் வண்டி மாற வேண்டியதில்லை.

இந்த வழி ஒரே நாளில் வந்ததல்ல. 2016 செப்டம்பரில் மெட்ரோ ரெயில் விமான நிலையத்தைத் தொட்டது. 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது.

50 ரூபாயா, 40 ரூபாயா?

விம்கோ நகரில் இருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ கட்டணம் 50 ரூபாய். கார்டு வைத்திருப்பவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. அவர் கொடுப்பது 40 ரூபாய்தான். போக வர 20 ரூபாய் மிச்சம்.

விவரம் தெரிந்தவருக்கு 40, தெரியாதவருக்கு 50! காசை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்தான் அதிகம் கொடுக்கிறார். வரிசையில் கால் கடுக்க நிற்பவரும் அவர்தான்.

அது என்ன கார்டு? "சிங்காரச் சென்னை" கார்டு என்று பெயர். 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மாநகர பஸ்ஸிலும் செல்லுபடியாயிற்று.

மந்திரம் அல்ல!

கார்டைக் கதவருகே காட்டினால் கதவு திறக்கிறது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கார்டுக்குள் நெல்மணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. கதவில் உள்ள கருவி ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையில் இருந்தே கார்டு மின்சாரம் பெறுகிறது. ஆகவே கார்டுக்கு பாட்டரி தேவை இல்லை.

ஏறிய இடத்தைக் கார்டு குறித்துக்கொள்கிறது. இறங்கும் இடத்தில் கட்டணம் கழிகிறது. அவ்வளவுதான். ஆனால் கார்டைப் பணத்தைப் போலவே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குறை எங்கே?

மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கார்டு. மின்சார ரெயிலுக்கோ வேறு டிக்கெட்! அத்திப்பட்டில் ஒரு டிக்கெட், விம்கோ நகரில் இன்னொன்று. கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, மனதில் விமானம் போய்விடுமோ என்ற பதைப்பு. இந்த நிலையில் இரண்டு வரிசையா?

2025 செப்டம்பரில் "சென்னை ஒன்" என்ற செல்போன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் அதில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. பாராட்ட வேண்டும். ஆனால் ஸ்மார்ட் போன் இல்லாத பாட்டி என்ன செய்வார்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் தொழிலாளி என்ன செய்வார்? அவர்களுக்குக் கார்டே சுலபம். படிக்க வேண்டாம், காட்டினால் போதும்.

ஹாங்காங்கில் 1997ஆம் ஆண்டே "ஆக்டோபஸ்" கார்டு வந்துவிட்டது. ரெயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கார்டு. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

அத்திப்பட்டில் அனல் மின் நிலையம் இருக்கிறது. அருகே காமராஜர் துறைமுகம் இருக்கிறது. பட்டணத்துக்கு வெளிச்சம் தரும் ஊர் அது. அந்த ஊர் மக்களுக்குப் பட்டணத்தின் சௌகரியமும் கிடைக்க வேண்டும்.

மின்சார ரெயிலிலும் அந்தக் கார்டு செல்ல வேண்டும். ரெயில்வேயும் மாநில அரசும் உட்கார்ந்து பேசி இதை முடிக்க வேண்டும். அதுவரை கார்டைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து ரூபாய் மிச்சமாகும்.

தண்டவாளம் போட்டாகிவிட்டது. டிக்கெட்டையும் இணையுங்கள்!