அடுப்பில் உருகும் சொம்பு

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில், சமையலறைக்குள் புதிதாக நுழைபவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்றுண்டு. ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. அடுப்பின் மேல் வெள்ளி நிறத்தில் ஏதோ சிந்திக் கிடக்கும், அவ்வளவுதான்.

ஈயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரிவாயு அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரியை எளிதாகத் தாண்டும். அப்படியானால் ரசம் கொதிக்கும்போது மட்டும் சொம்பு எப்படித் தப்புகிறது? கொதிக்கும் நீரின் வெப்பம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். சுடர் தரும் சூட்டையெல்லாம் ரசம் வாங்கி ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருப்பதால், சொம்பின் சுவரும் அதிகம் சூடாவதில்லை. ரசம் வற்றினால் கதை முடிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எந்த ஈயம்?

தமிழில் இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஒன்று வெள்ளீயம்; அணு எண் 50. மற்றது காரீயம், அணு எண் 82. 'காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று நாம் யோசிப்பதில்லை. மலேசியாவில் ஈயக் குட்டை, ஈயக் கப்பல் என்றெல்லாம் பேசும்போது குறிப்பது எப்போதும் வெள்ளீயத்தைத்தான். ரசச் சொம்பும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். இந்த 'வேண்டும்' என்பதில்தான் சிக்கல்.

வெள்ளீயம் உணவோடு உள்ளே போனால் உடம்பு அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வந்த வழியே அனுப்பிவிடும். காரீயம் அப்படியல்ல. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள அனைத்துலக உணவுத் தர விதிகளைப் பாருங்கள். டின்னில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம். அரிசி போன்ற தானியத்தில் காரீயம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆயிரம் மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

இதில் கொடுமை என்னவென்றால், காரீயம் புளிப்போடு சேர்ந்தால் இனிக்கும். பழைய ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சி, அந்தப் பாகை ஒயினுக்கு இனிப்பாகச் சேர்த்தார்கள். நாக்கு எச்சரிக்காது. புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வருவதும் நம் கண்ணுக்குத் தெரியாது.

வாளியும் தராசும்

ஈயச் சொம்பு மறுபடி நாகரிகமாகிவிட்டது. இணையத்தில் விற்கிறார்கள், தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்கள் கும்பகோணத்திலிருந்து வாங்கி வருகிறார்கள். அது நல்ல ஈயம்தானா என்று வீட்டில் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும்.

சமையலறைத் தராசில் சொம்பை நிறுத்து எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் விளிம்பு வரை நீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் சொம்பை முழுக்க அமுக்குங்கள். வழியும் நீரைக் கீழே ஒரு தாம்பாளத்தில் பிடித்து, எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். கிராமை மில்லிலிட்டரால் வகுத்தால், வெள்ளீயத்துக்கு 7.3 வரும். காரீயத்துக்கு 11.3. எட்டு, ஒன்பது என்று வந்தால் அந்தச் சொம்பில் பூச்செடி வையுங்கள். வெள்ளைத்தாளில் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. காரீயம் பென்சில்போல் கருஞ்சாம்பல் கோடு போடும்.

ஆனால் இந்தச் சோதனை முழுக் காரீயத்தைத்தான் பிடிக்கும், கலப்படத்தைப் பிடிக்காது. நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்திருந்தாலும் கணக்கில் 7.6தான் வரும். வாளியில் நீர் அளப்பதில் அந்த அளவு பிசகு எல்லோருக்கும் வரும். நகைக்கடைகளில் தங்கத்தை உரசாமலே சோதிக்க எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறார்களே, அந்த வகைக் கருவி உள்ள ஆய்வுக்கூடம்தான் உறுதியாகச் சொல்லும். என் யோசனையைக் கேட்டால், 'காரீயம் கலக்காதது' என்று ரசீதில் எழுதித்தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். பாட்டி காலத்துச் சொம்பு என்பதும் சான்றிதழ் ஆகாது. பாட்டியிடம் எக்ஸ்ரே கருவி இருந்ததில்லை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை வைத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். நவச்சாரம் சூட்டில் பிரிந்து அமிலமாகி, பித்தளை மேல் உள்ள அழுக்கை அரித்துவிடும். சுத்தமான பரப்பில் ஈயம் வழுக்கிக்கொண்டு பரவும். புளி பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறாமல் தடுப்பது அந்த மெல்லிய பூச்சுதான்.

இந்த வேலைக்கு 'கலாய் பூசுதல்' என்றும் பெயர். அந்தச் சொல்லின் பூர்வீகம் நம் பக்கத்து வீடாக இருக்கலாம். அரபு மொழியில் வெள்ளீயத்துக்குக் 'கலயீ' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர்கள் ஈயம் கிடைக்கும் துறைமுகமாகக் 'கலா' என்ற ஊரைச் சொல்கிறார்கள். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த அந்த ஊர் கெடாதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கெடா என்றால், 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்திறங்கிய நம் கடாரம். வேறு இடம் சொல்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ கடாரம் என்பதுதான் பிடித்திருக்கிறது.

டத்தோ கிராமாட் சாலையின் உலைகள்

பினாங்குக்காரர்களுக்கு ஈயம் பாடப்புத்தக விஷயம் அல்ல. 1840-களில் லாரூட்டில் லோங் ஜாஃபார் ஈயத் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து, பேராக்கின் ஈயம் வெளியுலகைப் பார்த்தது பினாங்குத் துறைமுகம் வழியாகத்தான். தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

தாதுவாக வருவது ஈயமும் உயிர்வாயுவும் சேர்ந்த கருங்கல் மணல். அதைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால், கரி உயிர்வாயுவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்; ஈயம் உலையின் அடியில் ஓடும். 1887-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் சிங்கப்பூரின் பூலாவ் பிரானியிலும், 1902 முதல் பட்டர்வொர்த்திலும் இதைச் செய்தது. தீவில் டத்தோ கிராமாட் சாலையில் 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி உருவானது. நீரிணையின் இரு கரையிலும் உலைகள் எரிந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. லண்டன் உலோகச் சந்தையில் இன்றும் 'மூன்று மாத விலை' என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அந்த மூன்று மாதம், சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து ஈயமும் கப்பலில் லண்டன் போய்ச்சேர ஆன காலத்தைக் கணக்கிட்டு வைத்தது.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கவிழ்ந்தது; விலை சரிந்தது; கிந்தாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. டத்தோ கிராமாட் உலைகள் இன்று இல்லை. பட்டர்வொர்த் ஆலையின் வேலையும் பூலாவ் இண்டாவுக்கு இடம்பெயரத் தொடங்கிவிட்டது.

உலையில் கழிவாகக் கொட்டிய கசடுக்கும் ஒரு கதை உண்டு. இந்த வட்டாரத்து ஈயக் கசட்டில் டாண்டலம் என்ற அரிய உலோகம் ஒளிந்திருந்தது. சின்னஞ்சிறு மின்தேக்கிகள் செய்ய டாண்டலம் தேவைப்பட்டதும் குப்பைக்கு விலை வந்தது. பக்கத்தில் பூக்கெட்டில் கசட்டிலிருந்து டாண்டலம் எடுக்கக் கட்டிய ஆலையை, மாசுக்கு அஞ்சிய மக்கள் 1986-இல் தீவைத்தே கொளுத்திவிட்டார்கள்.

அழும், நோய்ப்படும்

வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் 'க்ரீச்' என்று ஓர் ஒலி வரும். ஈயத்தின் அழுகை என்றே அதற்குப் பெயர். உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று திசை மாறி மடங்குவதால் வரும் ஓசை. காரீயம் சத்தமில்லாமல் வளையும்.

ஈயத்துக்கு நோயும் உண்டு. 13 டிகிரிக்குக் கீழே தூய வெள்ளீயத்தின் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளத் தொடங்கும். பளபளப்பான உலோகம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பருத்து, சாம்பல் நிறத் தூளாக உதிரும். குளிர் நாட்டுத் தேவாலயங்களில் ஆர்கன் வாத்தியக் குழாய்கள் இப்படிப் பொடிந்திருக்கின்றன. நெப்போலியன் படையின் சட்டைப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் உதிர்ந்ததால்தான் அவன் தோற்றான் என்பது நல்ல கதை. ஆனால் ஆதாரம் போதாது. பினாங்கில் இந்தப் பயம் தேவையில்லை. மீந்த ரசத்தைச் சொம்போடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஓரிரவில் ஒன்றும் ஆகாது. மாற்றம் வேகமாக நடக்கப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வேண்டும்.

கண்டென்ஸ்ட் மில்க் டின்னில் கோப்பி ஊற்றிக் கயிறு கட்டித் தூக்கிவந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டின் என்ற பெயர் ஈயத்தின் ஆங்கிலப் பெயர்தான். ஆனால் அந்த டப்பாவில் ஈயம் எவ்வளவு? இரும்புத் தகட்டின் மேல், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு கனம். துரு பிடிக்காமல் காக்க அது போதும். அன்னாசிப்பழ டின்னின் உட்புறத்தில் வேறு பூச்சு இல்லாமல் ஈயத்தை அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. பழம் கறுக்காமல் மஞ்சளாக இருக்க, ஈயம் தான் கொஞ்சம் கரைந்து உதவுகிறது. டின்னைத் திறந்து காற்று புகுந்துவிட்டால் அது அளவு மீறிக் கரையும். ஆகவே மீதிப் பழத்தை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பற்பசைக் குழாயையும் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 'ஸ்டானஸ் ஃபுளோரைட்' என்றிருக்கும். அதுவும் ஈயத்தின் உப்புதான்.

சரி, உலைகள் போன பினாங்கில் ஈயம் எங்கே? பாயான் லெப்பாஸில். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து, மின்னணுப் பலகைகளில் பாகங்களை ஒட்டும் பற்றாசாக அது தினமும் உருகிக்கொண்டிருக்கிறது. முன்பு அந்தப் பற்றாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா காரீயத்தைத் தடை செய்ததும், 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, மிச்சம் செம்பு என்ற கலவை பரவலானது. அது உருக 217 டிகிரி வேண்டும். தொழிற்சாலை அடுப்புகளின் சூட்டை ஏற்ற வேண்டியிருந்தது.

காரீயம் போனதில் ஒரு தொல்லையும் வந்தது. தூய வெள்ளீயப் பூச்சுக்கு மீசை முளைக்கும்! தலைமுடியைவிட மெல்லிய ஈய இழைகள் தாமாகவே வளர்ந்து, பக்கத்துக் கம்பியைத் தொட்டு மின்சுற்றைக் கெடுக்கும். காரீயம் கலந்திருந்தவரை இது அடங்கிக் கிடந்தது. 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து, அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஒரே நாளில் ஊமையாயின. பழி விழுந்தது இந்த மீசையின் மேல்தான். பாயான் லெப்பாஸில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.

உங்கள் கைப்பேசி புது வகையாக இருந்தால், அதன் சில்லு அச்சானதும் ஈய வெளிச்சத்தில்தான். உருகிய வெள்ளீயத்தை, முடியின் பருமனைவிடச் சிறிய துளிகளாக, ஒரு நொடிக்கு 50,000 வீதம் சொட்டவிடுவார்கள். ஒவ்வொரு துளி விழும்போதும் லேசர் அதை இருமுறை தாக்கும். துளி சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடாகி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கக்கும். அந்த ஒளியில்தான் சில்லின் கோடுகளை வரைகிறார்கள்.

அடுத்த வாரம் படிகாரம்.