காவலுக்கு நாய் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சென்று நாய்களைப் பழக்குவது என் தொழில். அழைப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும். "அம்மா தனிய இருக்கிறா. ஆர் வந்தாலும் கடிக்கிற மாதிரிப் பழக்கித் தாங்கோ."

நான் மறுத்துவிடுவேன். வளர்ந்த ஆண் ஜேர்மன் ஷெப்பேர்ட் 30 கிலோவுக்கு மேல் நிற்கும். எழுபது வயதுத் தாயால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. உதவிக்கு ஓடிவரும் அயலவரையும் அது கடிக்கும். ஆள் வந்தால் குரைக்கவும், சொன்னதும் நிறுத்தவும், கூப்பிட்டால் வரவும் மட்டுமே பழக்குகிறேன். அதுவும் அடித்தல்ல, சரியாகச் செய்த கணமே தீனி கொடுத்து. அடிக்குப் பயந்த நாய் எப்போது கடிக்கும் என்று சொல்ல முடியாது.

போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைத் தூரமாக்கின. வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. 1987 இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குத் தந்த பொலிஸ் அதிகாரம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பொலிஸை அழைக்கவே தயங்கும் முதியவர்கள் இங்கே பலர். அந்த வெற்றிடத்தையெல்லாம் ஒரு நாயிடம் ஒப்படைக்கிறோம்.

குரைப்பு எச்சரிக்கை மட்டுமே. அதைக் கேட்டு வர ஆள் வேண்டும். அதனால் அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: "பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்? அவையின்ர நம்பர் உங்களிட்ட இருக்கோ?"