கூரையைப் பார்த்தோம், வாடகையைப் பார்த்தோமா?

பெருநகரங்களின் வணிகக் கட்டடங்களைப் பற்றி வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1852-ஆம் ஆண்டைத் தொட்டுத்தான் தொடங்குகின்றனர். பாரிஸ் மாநகரின் ‘போன் மார்ஷே’ என்னும் துணிக்கடையில் அரிஸ்தீத் பூசிகோ என்பார் பங்காளியாகச் சேர்ந்த ஆண்டு அது. அவருக்கு முன்னே கடை என்றால் இருட்டறை, விலை என்றால் பேரம், வணிகன் என்றால் ஏமாற்றுக்காரன். அவர் வந்த பிறகே கடைக்கு ஒளியும் விலைக்கு ஒழுங்கும் பிறந்தன என்ற பாங்கில் அவ்வரலாறு நடைபோடும். கிழக்கு நாடுகளின் அங்காடிகள் அதில் இடம்பெற்றால், கம்பளமும் வாசனைப் பண்டமும் கூச்சலும் நிறைந்த வேடிக்கைக் காட்சியாக மட்டுமே இடம்பெறும்.

இதைப் படித்துவிட்டு நம்மவருள் ஒரு சாரார் தலையாட்டுகின்றனர். மற்றொரு சாரார் மேடையேறி, பாக்தாதில் இல்லாத கடைவீதியா, கெய்ரோவின் கானுல் கலீலிக்கு ஈடுண்டா என்று முழங்கிக் கைதட்டல் பெற்று இறங்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்குண்டு. முன்னவர் ஆராயாமல் ஒப்புக்கொள்கின்றனர். பின்னவர் சொல்ல வேண்டியதைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்.

முதலில் பூசிகோவுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். 1852-ல் 12 பணியாளர்களோடு இருந்த அக்கடையில் 1877-ல் 1,788 பேர் வேலை பார்த்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பிராங்காக இருந்த விற்பனை 7 கோடியைத் தாண்டிற்று. பொருளின் மேல் விலையை எழுதி ஒட்டினார். வாங்கியது பிடிக்கவில்லையெனில் திருப்பி எடுத்துக்கொண்டார். வாங்காமல் சுற்றிப் பார்த்துச் செல்லவும் கதவைத் திறந்துவிட்டார். 1869-ல் தொடங்கி 1887-ல் நிறைவெய்திய பெருமனை இரும்புச் சட்டங்களும் கண்ணாடிக் கூரையுமாக எழுந்தது. எய்ஃபல் கோபுரத்தைக் கட்டியவரின் நிறுவனத்துக்கு அதிலும் பங்குண்டு. அவர் மனைவி மார்கரீத் அம்மையார் 1887-ல் மறைந்தபோது, பெருஞ்செல்வத்தைப் பாரிஸ் நகரின் பொது மருத்துவ அறத்துக்கு எழுதிவைத்தார். அதைக்கொண்டு 1897-ல் ஒரு மருத்துவமனையே திறக்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. யூதரோ கிறிஸ்தவரோ நல்லது செய்தால் நல்லதென்று சொல்லத் தயங்குவது நம் பெரியோர் கற்றுத்தந்த முறையன்று.

ஆனால் ஒரே விலை என்பது பாரிஸில்தான் பிறந்தது என்பதை எவ்வாறு ஏற்பது? ஜப்பானிய தேசத்தில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், மிட்சுயி குடும்பத்தார் 1673-ல் தொடங்கிய எச்சிகோயா துணிக்கடை, ரொக்கத்துக்கு ஒரே விலை என்று அந்நூற்றாண்டிலேயே விற்றது. இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தாரோ, கூட்டிச் சொல்லிக் குறைத்து விற்பது பொய்யாகும் எனக் கருதி ஒரே விலை சொன்னவர்கள். குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையோ, ஃபிக்ஹு நூல்களைப் புரட்டிய எந்த மாணவனுக்கும் தெரிந்த பாடம். ‘கியாருல் ஐப்’ என்று அதற்குப் பெயரே உண்டு. குறை ஏதுமில்லாவிடினும், மூன்று நாள் யோசித்து முடிவு செய்கிறேன் என்று நிபந்தனையிட்டு வாங்கும் ‘கியாருஷ் ஷர்த்’ என்பதும் ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு வணிக நேர்மையைக் கற்பிக்கப் பாரிஸிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவின் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லாமல் பங்காளி விற்றுவிட்டார் என்றறிந்து, வந்த தொகை முழுவதையும் அவர்கள் தருமம் செய்துவிட்டதாக அவர்களுடைய சரித்திரத்தில் வரைந்துள்ளனர்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் மேடைப் பேச்சாளரோடு சேர்ந்துவிடுவோம். வரலாற்றாசிரியர் கூரையைப் பார்க்கின்றனர்; மேடைப் பேச்சாளரும் கூரையைத்தான் பார்க்கின்றனர். பாரிஸின் கூரை உயர்ந்ததா, பாக்தாதின் கூரை பழையதா என்பதே அவர்களின் சண்டை. அக்கூரையின் கீழ் அமர்ந்தவன் மாதந்தோறும் கொடுத்த வாடகை யாருக்குப் போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. நம் பெருநகர அங்காடிகளுக்கும் பூசிகோவின் மனைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அங்குதான் இருக்கிறது.

இஸ்தான்புல்லை எடுத்துக்கொள்வோம். அந்நகரை 1453-ல் வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, சில ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு துணி அங்காடிக்குக் கால்கோள் செய்தார். 1455-56 குளிர்காலத்தில் தொடங்கி 1460-61 வாக்கில் முடிந்த அக்கட்டடத்தை ‘பெதஸ்தான்’ என்பர். துணி வணிகரைக் குறிக்கும் ‘பஸ்ஸாஸ்’ என்னும் அரபுச் சொல்லோடு உறவுடைய பெயர் அது. எட்டுத் தூண்கள் தாங்கும் பதினைந்து குவிமாடங்கள், நான்கு வாயில்கள், தடித்த கற்சுவர். பின்னர் இருபது குவிமாடங்களோடு மற்றொரு பெதஸ்தான் எழுந்தது. இவ்விரண்டையும் சுற்றித் தெருக்கள் பெருகி, தெருக்களின் மேல் கூரை வேய்ந்து, இன்று உலகம் ‘மூடிய அங்காடி’ என்றழைக்கும் பெருநகர வணிகமனை உருவாயிற்று. 1890-ல் எடுத்த கணக்கில் அங்கே 4,399 கடைகள் இருந்தன. பூசிகோ பிறப்பதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகள் முன்னரே அடித்தளமிட்ட மனை அது.

சுல்தான் அதைத் தம் கருவூலத்துக்காகக் கட்டவில்லை. அயா சோபியா பள்ளிவாசலுக்கு வக்ஃபாகக் கட்டினார். துணி வணிகரும் நகை வணிகரும் கொடுத்த வாடகை, பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்க்கும் பணியாளர் ஊதியத்துக்கும் கட்டடப் பழுதுக்கும் போயிற்று. கடை முன்னே, பள்ளி பின்னே என்பதன்று. பள்ளி இருப்பதனாலேயே கடை. கெய்ரோ, டமாஸ்கஸ், ஹலப் நகரங்களிலும் மத்ரஸாக்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பின்னால் இத்தகைய கடைவரிசைகள் வக்ஃபாக நின்றன. மாணவன் உண்ட ரொட்டி எந்தக் கடையின் வாடகை என்று ஆவணத்திலேயே எழுதியிருப்பர்.

அவ்வங்காடியின் நடைமுறையும் வேறு. ஒரு தெருவில் ஒரு தொழிலார் மட்டுமே இருந்தனர். பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. தரையினின்று சற்று உயர்ந்த மரத்திண்ணையில் வணிகர் அமர்ந்திருப்பார். காலையில் முதல் வியாபாரம் முடிந்தவர், அடுத்து வருபவரை, ‘பக்கத்துக் கடைக்காரருக்கு இன்னும் போணியாகவில்லை, அங்கே செல்லுங்கள்’ என்று அனுப்புவார் எனத் துருக்கியர் இன்றும் சொல்வதுண்டு. பெதஸ்தானின் சுவருக்குள் செல்வர் தம் பொன்னை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினர். 1591-ல் அங்கிருந்து 30,000 பொற்காசுகள் களவு போனபோது நகரமே அதிர்ந்து, இரண்டு வாரம் அங்காடி மூடிக் கிடந்தது என்பதிலிருந்தே அந்நம்பிக்கையின் அளவை உணரலாம்.

களங்கத்தையும் மறைக்க மாட்டோம். அந்த அங்காடியின் வட்டாரத்திலேயே அடிமைகளையும் விற்றனர்; 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அந்தச் சந்தை மூடப்பட்டது. பழம்பெருமை பேசுவோர் இதைச் சொல்லாமல் தாண்டிச் செல்வது அறிவுடைமையாகாது.

அந்த வாடகை பிறகு என்னவாயிற்று? பாரிஸும் மான்செஸ்டரும் அதை விழுங்கின என்று ஒரே வாக்கியத்தில் பழிபோட்டுத் தப்பிக்க இயலாது. பாதி உண்மை அது. 1838-ல் ஆங்கிலேயரோடு செய்த வணிக உடன்படிக்கைக்குப் பின் ஆலைத்துணி வெள்ளமாக வந்து, 1850 வாக்கில் பெதஸ்தானின் வாடகை, இருபது முப்பது ஆண்டுகள் முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆயினும் வக்ஃபின் வேரைச் செல்லரித்த நோய் அதற்கும் நெடுங்காலம் முன்பே, உள்ளிருந்தே பிறந்தது. தீ விபத்துகளில் கடைகள் எரிந்துபோகும். கட்ட வக்ஃபிடம் பணம் இராது. குத்தகைக்காரர் ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கொடுப்பார். அதன்பின் ஆண்டுதோறும் பெயரளவில் ஒரு சிறு தொகை. இரண்டு வாடகை என்னும் பொருளில் இதை ‘இஜாரதைன்’ என்றனர். நெருக்கடிக்குச் செய்த ஏற்பாடு நிலைத்த வழக்கமாயிற்று. குத்தகை தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று, கைமாற்றி விற்கவும்பட்டது. ஆண்டு வாடகையோ பணத்தின் மதிப்புத் தேயத் தேயத் தூசாயிற்று. கடைசியில் துருக்கிக் குடியரசு 1935-ல் இயற்றிய சட்டம், ஓர் ஈட்டுத் தொகையைச் செலுத்தி அச்சொத்துகளைக் குத்தகைக்காரர் தமக்கே உரியதாக்கிக்கொள்ள வழிவிட்டது. வக்ஃபை எழுதியவர் சுல்தான். அதைத் தின்றவர் எதிரியல்லர், வாடகைக்கு வந்தவர்.

‘இஜாரதைன்’ என்ற சொல் நம்மூரில் எவருக்கும் தெரியாது. ஆனால் ‘அட்வான்ஸ்’ தெரியும், ‘குட்வில்’ தெரியும், ‘உள்வாடகை’ தெரியும்.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006-ல் அளித்த அறிக்கையைத் தூக்கிப் பிடித்து, நாம் பின்தங்கியவர் என்று நிறுவ எத்தனையோ கூட்டங்கள் நடத்தினோம். அதே அறிக்கையில் வக்ஃபு பற்றிய அத்தியாயத்தை மட்டும் ஓசையின்றி மூடிவைத்தோம். இந்நாட்டில் ஏறத்தாழ 4.9 இலட்சம் பதிவுபெற்ற வக்ஃபுச் சொத்துகள். அவற்றின் சந்தை மதிப்பு 1 இலட்சத்து 20 ஆயிரம் கோடி ரூபாய். ஆண்டு வருமானமோ வெறும் 163 கோடி என்று அக்குழு கணக்கிட்டது. நூறு ரூபாய்ச் சொத்துக்கு ஆண்டுக்குப் பதினான்கு காசு! முறையாகப் பயன்படுத்தினால் 12,000 கோடி வரக்கூடும் என்றும் அக்குழுவே எழுதிற்று. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் குரல் எழுப்பினோம், எழுப்ப வேண்டியதே. ஆயினும் அரசின் கை நீள்வதைக் காணும் கண்ணுக்கு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நம் கை தெரியவில்லையா?

நாம் பாடம் சொல்லிய மத்ரஸாக்களுள் ஒன்று, ஊர்ப்பெயர் வேண்டாம். கடைவீதியில் அதற்குக் கடைவரிசை உண்டு. அக்கடைகளிலிருந்து வந்த ஒரு மாத வாடகை, பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறாக்கவும் போதாது. அதே கடைகளுள் ஒன்றை எடுத்தவர் உள்வாடகைக்கு விட்டு, மத்ரஸாவுக்குக் கொடுப்பதைப் போல் பன்மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். அவரே ஆண்டுவிழாவில் முன்வரிசையில் அமர்ந்து, கல்வியின் சிறப்பைப் பற்றிய உரைக்குத் தலையசைத்தார். ரமளானில் சந்தா ரசீதோடு வெளியூர் போய் வாசல் வாசலாக நின்றவர்களோ ஆசிரியர்கள்.

ஃபிக்ஹு இதில் மௌனம் சாதிக்கவில்லை. வக்ஃபுச் சொத்தை ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’, அதாவது அத்தகைய இடத்துக்கு ஊரில் நிலவும் வாடகைக்குக் குறைத்து விடலாகாது என்பதில் ஹனபியும் ஷாபிஈயும் ஒன்றுபடுகின்றனர். குத்தகைக்காரர் நாளடைவில் தாமே உரிமையாளரெனச் சொல்லிவிடுவார் என்றஞ்சி, கடைகளையும் வீடுகளையும் ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவேண்டாம் என்றே பிற்கால ஹனபி அறிஞர்கள் ஃபத்வா வழங்கினர். அவர்கள் அஞ்சியது நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்விதழைக் கையில் வைத்திருப்போருள் கடை நடத்துவோர் பலர் என்பதை அறிவோம். அவர்களுள் சிலர் கேட்கலாம்: ‘கூரையை நான் போட்டேன், தரையை நான் போட்டேன், ஆளே நடமாடாத தெருவில் நாற்பது ஆண்டு உட்கார்ந்து இடத்துக்கு மதிப்பை உண்டாக்கியதும் நானே.’ நியாயமான கேள்விதான். முதவல்லியின் அனுமதியோடு செலவிட்டிருந்தால் அதைக் கணக்கிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள், எவரும் தடுக்கவில்லை. ஆனால் கழித்து முடிந்த பின்னும் பழைய வாடகையே என்றால், அது கூரைக்கான ஈடாகாது. தெருவின் மதிப்பு உங்கள் ஒருவரால் மட்டும் உயர்ந்ததுமன்று. பேருந்து வந்தது, ஊர் பெருகிற்று, ஐவேளையும் பள்ளிக்கு ஆள் வந்தது.

முதவல்லிகள் சிலர் இப்பொழுது வேறொரு திட்டம் சொல்கின்றனர். பழைய கடைவரிசையை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்போடு வணிக வளாகம் எழுப்பலாம். கட்டித் தருபவருக்கு முப்பது ஆண்டுக் குத்தகை கொடுத்துவிடலாம் என்பது திட்டம். வரைபடத்தைக் காட்டும்போது அவர்தம் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி நமக்குப் புரிகிறது. பூசிகோவின் மனை பாரிஸாரையே மயக்கியதன்றோ! அம்மனை 1984-ல் ஒரு பெருமுதலாளியின் கைக்குப் போய், இன்று செல்வர் மட்டுமே வாங்கும் ஆடம்பரக் கடையாக இருக்கிறது. அவ்வம்மையாரின் பொருளால் எழுந்த மருத்துவமனை 2000-ல் மூடப்பட்டுவிட்டது. புதுக் கட்டடம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒழுகும் கூரையை வக்ஃபின் அடையாளமாகப் போற்றவும் இல்லை. முன்பணம் எவ்வளவு, அது எந்த வங்கிக் கணக்கில் ஏறும், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை உயரும், முப்பதாம் ஆண்டு முடிவில் சாவி யாரிடம் வரும் என்னும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை வரட்டும். அதன்பின் கடப்பாரை எடுக்கலாம்.

அதுவரை செய்யத்தக்கது ஒன்றுண்டு, செலவும் அதிகமில்லை. பள்ளிவாசலின் ஒளூச் செய்யுமிடத்துக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பலகை மாட்டலாம். கடை எண், குத்தகைக்காரர் பெயர், மாத வாடகை, கடைசியாக வாடகை உயர்த்திய ஆண்டு, பாக்கி. இதை எழுதச் சொன்னால் ஜமாஅத்தில் பிளவு வரும் என்கின்றனர். எந்தெந்தக் கடைக்காரர் பிளவுக்கு அஞ்சுகிறார் என்று பார்த்து, முதலில் அந்தக் கடைகளின் எண்ணையே எழுதத் தொடங்கலாம்.