மதிலுக்குள் பூட்டிய சாப்ட்வேர்! பீஸ் கட்டியவருக்கு வீட்டில் கிடைக்காதது ஏன்?

திருநகர்:

திருநகரில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா, பகுதி நேரமாக ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஆபீஸ் விடும்போது மணி 5.45. அதன் பிறகு பஸ் பிடித்து, பெரியார் நிலையத்தில் மாறி, தேனி ரோட்டில் இருக்கும் வளாகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இருட்டி விடும். கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவருக்கு வேண்டியது புத்தகம் அல்ல. புள்ளிவிவரக் கணக்குப் போடும் ஒரு சாப்ட்வேர். அது அந்த அறையில் உள்ள கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தும் பயன் இல்லை.

இது ஒருவர் பிரச்சினை அல்ல. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்து கல்லூரிகள் மூடப்பட்டபோது நாடு முழுக்க மாணவர்கள் இதே சிக்கலில் மாட்டினார்கள். ஊரடங்கு போய்விட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குச் சிக்கல் போகவில்லை.

டோக்கன் முறை

எஸ்.பி.எஸ்.எஸ்., மேட்லேப், ஆர்க்ஜிஐஎஸ் போன்ற சாப்ட்வேர்களைக் கல்வி நிலையங்கள் விலை கொடுத்து வாங்கிச் சொந்தமாக்கிக் கொள்வதில்லை. பயன்படுத்திக் கொள்ள லைசென்சு மட்டுமே வாங்குகின்றன.

25 பேருக்கு லைசென்சு வாங்கினால் 25 டோக்கன் என்று கணக்கு. வளாகத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் அந்த டோக்கன்களை வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கும். 26-வது ஆள், யாராவது எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். வெளியில் இருந்து கேட்டால், "நீ வளாகத்து ஆள் இல்லை" என்று கதவைச் சாத்தி விடும்.

இரவு 11 மணிக்கு 25 டோக்கனும் சும்மா கிடக்கும். திருநகரில் ஒருவர் அது இல்லாமல் தவித்துக் கொண்டிருப்பார்.

ஜெயில் தண்டனை

அப்போதுதான் திருட்டு சாப்ட்வேர் கைக்கு வருகிறது. "பென் டிரைவில் போட்டுத் தருகிறேன்" என்று சொல்ல ஒரு நண்பர் கிடைக்காமல் போகமாட்டார்.

ஆனால் சட்டம் சும்மா விடாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்ற பிரிவு 1994-ல் சேர்க்கப்பட்டது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில். ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

லாபத்துக்காகவோ, வியாபாரத்துக்காகவோ இல்லை என்றால் கோர்ட்டு ஜெயிலைத் தவிர்த்து, ரூ.50 ஆயிரம் வரை அபராதத்தோடு விடலாம். இந்தச் சலுகை மாணவருக்குக் கைகொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு திருட்டு சாப்ட்வேரில் வேலை செய்து தரும் டி.டி.பி. கடைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. கடைக்காரர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

சுரங்கப்பாதை

திருமலை நாயக்கர் மகாலில் இருந்து மீனாட்சி கோவிலுக்குச் சுரங்கம் உண்டு என்று மதுரையில் கதை சொல்வார்கள். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு சுரங்கம் நிஜமாகவே உண்டு. அதற்குப் பெயர் வி.பி.என். பாஸ்வேர்டு போட்டு இதில் நுழைந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரும் வளாகத்துக்குள் இருப்பதாகவே கணக்கு. டோக்கன் கிடைத்து விடும்.

இன்னும் 2 வழி உண்டு. வளாகத்துக் கம்ப்யூட்டரையே வீட்டில் இருந்து இயக்கலாம். வேலை அங்கே நடக்கும், திரை மட்டும் இங்கே தெரியும். பழைய லேப்டாப் போதும். அல்லது லைப்ரரி புத்தகம் போல டோக்கனைச் சில நாள் கடன் வாங்கலாம். கெடு முடிந்ததும் அது தானாகவே செல்லாததாகி விடும். எல்லா சாப்ட்வேரிலும் இந்த வசதி இல்லை.

வி.பி.என். நடத்த இலவச சாப்ட்வேரே கிடைக்கிறது. அதைக் கவனிக்க ஓர் ஆளும், நல்ல இணைய இணைப்பும் வேண்டும். ஆகாத காரியம் அல்ல.

ரூ.6 ஆயிரம் கோடி

ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு இந்தக் கதவு ஏற்கனவே திறந்து விட்டது. கல்லூரிகளுக்கான 'என்-லிஸ்ட்' திட்டம் 2010-ல் வந்தது. அதில் மாணவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு வீட்டில் இருந்தே படிக்கலாம்.

அடுத்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 நவம்பர் 25-ந் தேதி ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ரூ.6 ஆயிரம் கோடி. 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகள். மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் அதிகமான கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள் இதில் அடக்கம்.

ஆனால் இது பத்திரிகைகளுக்கு மட்டும்தான். சாப்ட்வேர் இதில் சேராது. கட்டுரையை வீட்டில் படிக்கலாம், அதில் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வளாகத்துக்குப் போக வேண்டும்!

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒப்பந்தம். சில லைசென்சுகளில் "வளாகத்துக்கு வெளியே கூடாது" என்றே ஷரத்து இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனியிடம் கெஞ்சிப் பயன் இல்லை. வாங்கும்போதே, "மாணவர் வீட்டில் இருந்தும் பயன்படுத்துவார்" என்று எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாவது, இலவச சாப்ட்வேர். எஸ்.பி.எஸ்.எஸ்.சுக்குப் பதில் பி.எஸ்.பி.பி., மேட்லேப்புக்குப் பதில் சைலேப், ஆர்க்ஜிஐஎஸ்சுக்குப் பதில் கியூஜிஐஎஸ். இவற்றுக்கு லைசென்சு கட்டணம் கிடையாது. இத்தகைய சாப்ட்வேர்களைப் பரப்ப மும்பை ஐ.ஐ.டி.யில் 'பாசி' என்ற திட்டமே நடக்கிறது. தமிழிலும் பாடங்கள் உண்டு. ஆனால் வழிகாட்டும் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மாணவரின் பொறுப்பு. பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுத்து, அவர் கண்டபடி இறக்கினால் கம்பெனி மொத்த வளாகத்துக்கும் இணைப்பைத் துண்டிக்கலாம். ஒருவர் செய்யும் தப்புக்கு ஆயிரம் பேர் அவதிப்பட நேரும்.

லைசென்சுக்குப் போகும் பணம் மாணவர் கட்டும் பீசும், பொதுமக்கள் கட்டும் வரியும்தான். பகலில் வர முடிந்தவருக்கு மட்டும் பலன், மற்றவருக்குப் பூட்டு என்றால் அது நியாயம் ஆகாது.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். "லேபில் உள்ள சாப்ட்வேர் வீட்டிலும் வேலை செய்யுமா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும். நாலு பேர் கேட்டால்தான் கதவு திறக்கும்.