ஏற்புரைக்கு முன் கடைசி பஸ்

“இலக்கியக் கூட்டத்துக்கு நாம் எதற்காகப் போக வேண்டும்?” என்று மில் வாசலில் தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எட்டு மணி நேரம் ரிங் பிரேமின் முன்னால் நடந்து கால் வீங்கியவன், வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பானா, பஸ் பிடித்துப் பட்டணத்தின் நடுவே போய் நாலு பேர் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பானா? நாள் முழுவதும் நாற்று நட்டு, இடுப்பு நிமிராமல் வரும் பெண்ணிடம் நாவல் விமர்சனத்தைப் பற்றிப் பேசப் போனால், அவள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பாள்.

ஆனாலும் போகத்தான் வேண்டும் என்கிறோம். அறிவு விசாலமாகும், பண்பாடு வளரும் என்று உபதேசிகள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நம்முடைய காரணம் வேறு.

சென்னையில் பொழுது சாய்ந்தால் எங்காவது ஒரு புத்தகம் வெளியாகிறது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகக் கட்டடம், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், கே.கே. நகரில் புத்தகக் கடை, மயிலாப்பூரில் சபா மண்டபம் என்று இடங்கள் பல. 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி வந்துவிட்டாலோ மாலைதோறும் மேடைப் பேச்சு. அந்தக் கூட்டங்களில் பேசப்படும் கதைகள் யாருடையவை என்று பாருங்கள். ஒன்றில் உப்பளத்துப் பெண்கள். ஒன்றில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். ஒன்றில் பண்ணையாட்கள். ஒன்றில் தறிக்காரர்கள். மேடையில் இருப்பது நம் வாழ்க்கை. நாற்காலியில் நம்மைக் காணோம். நம்மைப் பற்றிச் சொல்லப்படுவது மெய்யா, பொய்யா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த மண்டபத்தில் இல்லை. இதுதான் நம்முடைய காரணம்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். சென்னையில் ஒரு நாவல் வெளியீட்டுக்கு நாம் போயிருந்தோம். நூற்பாலைத் தொழிலாளியின் கதை. எழுதியவர் நல்ல மனசுக்காரர். உழைக்கிறவர்கள் மேல் அன்புள்ளவர். அன்றைக்கு அதிசயமாக அவரே எழுந்து இரண்டு பக்கம் வாசித்தார். கதாநாயகன் வாரம் முழுவதும் பஞ்சுத் தூசியில் இருமுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிறான், திங்கட்கிழமை காலையில் நெஞ்சு லேசாகி, உற்சாகத்தோடு வேலைக்குப் போகிறான். உருக்கமாக எழுதியிருந்தார். சபை கை தட்டியது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லில் முப்பது வருஷம் கார்டிங்கில் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் மகன் வீட்டோடு வந்து இருப்பவர்.

“ஐயா, ஒண்ணு சொல்லலாமுங்களா?” என்றார். “லீவு முடிஞ்சு போற முதல் நாள்தானுங்க நெஞ்சைப் புடிக்கும். மூச்சு விட முடியாது. செவ்வாய், புதன் ஆச்சுன்னா கொஞ்சம் தேவலையாயிரும். நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்க.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. டாக்டர்கள் பிசினோசிஸ் என்று பெயர் வைத்திருக்கும் பஞ்சுத் தூசி நோயின் அடையாளமே அதுதான். ஆரம்பத்தில், ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நோய் முற்றினால் எல்லா நாளும் அப்படித்தான். வைத்திய நூலில் இருப்பதைப் பெரியவர் தம் நெஞ்சுக்கூட்டில் வைத்திருந்தார். எழுத்தாளர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். “ஐயா, கூட்டம் முடிஞ்சதும் போயிடாதீங்க, உங்ககிட்ட இன்னும் கேக்கணும்” என்றார். அன்று மேடையேறிய நாலு பேரும் அந்த நாவலுக்குச் செய்யாத உதவியைப் பெரியவர் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார்.

இருமல் எந்தக் கிழமையில் வந்தால் என்ன, கதைதானே என்று சிலர் சொல்லக்கூடும். இதைவிடப் பெரிய விஷயங்களிலும் இப்படி நடக்கும். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அதில் மிராசுதாரின் ஆண்மைக் குறைவுக்கும் அதனால் விளைந்த மனக்கோணலுக்கும் பெரிய இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கூலிச் சண்டையை மனக்கோளாறாக ஆக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள். நாவலாசிரியர் தம் மனம்போல் எழுதட்டும். அந்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண்டித்தவர்களும் பெரும்பாலும் எழுதுகிறவர்கள்தானே? களத்து மேட்டில் நின்று கூலி கேட்ட கை அந்த விவாதத்தில் எத்தனை தடவை உயர்ந்தது?

நம்மைத் தேடி வந்து எழுதியவர்களும் உண்டு. அதை மறைப்பது நன்றி கெட்ட செயல். ரகுநாதன் நெசவாளர் பட்ட பாட்டை ‘பஞ்சும் பசியும்’ என்று 1953இல் எழுதினார். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், அங்கே கால் வெடித்து நிற்கும் பெண்களோடு பேசி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். தஞ்சை வயல்களுக்குப் போய் ‘சேற்றில் மனிதர்கள்’ எழுதினார். டி. செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீல். தோல் ஷாப்புத் தொழிலாளிகளின் வாழ்க்கையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர். அவருடைய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி பரிசு வந்தது. அவர்கள் நம் வாசலுக்கு வந்தார்கள். நாம் அவர்கள் பேசும் மண்டபத்துக்குப் போனோமா?

கேள்வி கேட்பதோடு நின்றுவிட வேண்டும் என்பதும் இல்லை. பம்பாயில் மில் வேலை பார்த்த அண்ணாபாவ் சாத்தே பள்ளிக்கூடத்தை அநேகமாகக் கண்ணால் பார்க்காதவர். மராத்தியில் நாவலும் பாட்டும் கதையுமாக எழுதித் தள்ளினார். 1958இல் அந்த நகரத்தில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்துப் பேசியவர் அவரே. பூமியை ஆதிசேஷன் தலையில் தாங்கவில்லை, தலித்துகளும் உழைப்பாளிகளும்தான் உள்ளங்கையில் தாங்குகிறார்கள் என்று அன்று சொன்னார். ஒரு மில் தொழிலாளி நகரத்தின் இலக்கிய மேடையில் ஏறினால் பேச்சின் திசையே மாறிவிடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இனி, கூட்டம் நடத்துகிறவர்களிடம் நமக்குள்ள வழக்குக்கு வருவோம்.

அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருக்கும். ஆறரைக்கு மைக் சரி பார்ப்பார்கள். ஏழுக்கு வரவேற்புரை. பிறகு தலைமையுரை. அப்புறம் வாழ்த்துரை ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை; ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. வாழ்த்துகிறவர்களில் ஒருவராவது, “புத்தகத்தை இன்னும் முழுசாகப் படிக்கவில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். (மில்லில் நூலைப் பார்க்காமல் கோன் கட்டி அனுப்பினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.) பிறகு மதிப்புரை. அதற்கும் பிறகு சிறப்புரை. சிறப்புரையாளர் தம் சிறு பிராயத்திலிருந்து ஆரம்பிப்பார். ஒன்பது மணிக்கு மேல், எழுதிய ஆசாமியை ஏற்புரைக்குக் கூப்பிடுவார்கள். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே நாலு பேருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார். புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் வாசிக்க மாட்டார்கள். கேள்வி நேரமா? நன்றியுரை சொல்லுகிறவர் மைக்கைப் பிடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

இதற்குள் அம்பத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போக வேண்டியவன் எழுந்து போயிருப்பான். இரண்டாம் ஷிப்டுக்காரனோ வந்தே இருக்க மாட்டான். பெண்களின் நிலை இன்னும் மோசம். சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2021 மே மாதம் சர்க்கார் அறிவித்தது நல்ல காரியம். காசு கொடுக்காமல் போகலாம். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டாப்பில் தனியாக நின்று, வராத பஸ்ஸுக்காகக் காத்திருக்க எத்தனை பெண்களால் முடியும்?

மண்டபத்து வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.சி. போட்ட ஒரு மண்டபத்தில், நம்மோடு வந்த கட்டடத் தொழிலாளியைக் காவல்காரர் நிறுத்தி, “டிரைவருங்கல்லாம் கீழதான் நிக்கணும்” என்றார். அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. அவரும் பன்னிரண்டு மணி நேரம் நின்று கூலி வாங்குகிறவர். அந்தக் கூட்டத்துக்கு எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அன்று பேசப்பட்ட புத்தகம், கல் உடைக்கும் தொழிலாளர்களைப் பற்றியது.

வாசிப்பதைக் கூடியிருந்து கேட்பது நமக்குப் புதுப் பழக்கமா? கிராமத்தில் திரௌபதி அம்மன் கோவில் முன்னால் இரவு இரவாகப் பாரதம் படித்தார்கள். எட்ட நின்றாவது நம் பாட்டனும் பூட்டனும் கேட்டார்கள். கண்ணூர் பீடிக் கொட்டகைகளில் ஒருவர் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிக்கிறவருக்குக் கூலி போய்விடக் கூடாது என்று அவர் பங்குப் பீடியை எல்லோரும் சேர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் 1860களிலிருந்து இந்த வழக்கம் உண்டு.

சென்னையிலேயே நடந்ததைப் பாருங்கள். பெரம்பூரில் செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு என்ற இரு வியாபாரிகள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்தி வந்தார்கள். பக்திப் பிரசங்கம் செய்யும் சபைதான். பி. அண்டு சி. மில் தொழிலாளிகள் வேலை முடிந்து அங்கே வந்து உட்கார்வார்கள். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் குறையைப் பேசினார்கள். மேஸ்திரி அடித்தது, சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதாதது எல்லாம் அங்கே வெளியே வந்தன. 1918இல் திரு.வி.க. அங்கே வந்து பேசினார். வாடியாவும் வந்தார். அதே வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. மில் இப்போது இல்லை. ஆனால் சங்கம் பிறந்தது ஒரு பிரசங்க சபையின் கூடத்தில் என்பதைக் “கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப் போகிறது” என்று கேட்கும் தோழருக்குச் சொல்லி வைக்கிறோம். அந்தச் சபை வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் வெளிப்படை: அது மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது, வேலை விட்ட நேரத்தில் நடந்தது.

ஆகவே கூட்டம் போடுகிற நண்பர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள். அம்பத்தூரிலோ, வியாசர்பாடியிலோ, திருவொற்றியூரிலோ வையுங்கள். எழுதியவரை முதலில் பேச விடுங்கள். பத்து நிமிஷம் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாழ்த்துரைகளைக் கடைசியில் வைத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. பொன்னாடைக்குப் போகும் பணத்தில் அந்தப் புத்தகத்தின் நாலு பிரதியை வாங்கிச் சங்கத்துப் படிப்பகத்துக்குக் கொடுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்து ஒரு நாவலை வாங்குவது நாள் கூலிக்காரனுக்கு எளிதல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் நடவுக்காரியும் அதைக் கட்டுகிறாள். நூலகக் கட்டடத்தின் செங்கல்லில் அவள் காசும் இருக்கிறது. உள்ளே போக அவள் யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை.

நம் தோழர்களுக்கு: இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பட்டணத்துக்குப் போக முடியாதவர்கள் அங்கே போகலாம். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேராகப் போங்கள். சுத்தமான சட்டை இல்லையே என்று யோசிக்காதீர்கள். முன்வரிசையில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று காகிதம் ஒட்டியிருந்தால் இரண்டாம் வரிசையில் உட்காருங்கள். அங்கிருந்தும் நன்றாகக் கேட்கும். புரியாத பேச்சு பேசினால், புரியவில்லை என்று சொல்லுங்கள். பல சமயம் பக்கத்திலிருப்பவருக்கும் புரிந்திருக்காது. அழைப்பிதழில் கேள்வி நேரம் என்று போட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போடவில்லையென்றால், சிறப்புரை ஆரம்பிக்கும் முன்பே கேள்வியை எழுதித் தலைவரிடம் அனுப்பிவிடுங்கள். நம் சங்கக் கூட்டங்களில் செய்வதுபோல ஒரு துண்டுச் சீட்டு போதும். பென்சிலைக் கையோடு கொண்டு போங்கள்.